பூட்டைப் பார்த்துத் திரும்பிப் போன மகனுக்கு

மகனே, நாங்கள் கப்பல் ஏறவில்லை. இதை முதல் வரியிலேயே சொல்லிவிடுகிறேன். நீ என் பேச்சை முழுதாகக் கேட்டு ரொம்ப நாளாயிற்று; பாதியில் பத்திரிகையை மடித்து வைத்துவிட்டாலும் இந்த ஒரு சேதியாவது உன்னிடம் வந்து சேர்ந்திருக்க வேண்டும். உன் அம்மாவும் நானும் அதே தோட்டத்தில், அதே சின்னக் கிராணி வீட்டில், மழை பெய்தால் அடுப்புக்கு நேராக ஒழுகும் அதே தகரக் கூரைக்குக் கீழேதான் இருக்கிறோம். போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை நீ வந்து வாசலில் நின்றதும், கதவில் தொங்கிய பூட்டைப் பார்த்ததும், ஒரு வார்த்தை பேசாமல் திரும்பிப் போனதும் எங்களுக்குத் தெரியும். தெரிந்த நாளிலிருந்து இந்த வீட்டில் சோறு சோறாக இறங்கவில்லை.

விலாசம் தெரிந்திருந்தால் தபாலில் எழுதியிருப்பேன். நீ சிங்கப்பூரில் மோட்டார் ஓட்டுகிறாய் என்று கேள்வி. யாருக்கு ஓட்டுகிறாய், எந்தத் தெருவில் படுக்கிறாய், எங்கே சாப்பிடுகிறாய், ஒன்றும் தெரியாது. தமிழ்ப் பத்திரிகையைக் கடைசிப் பக்கத்திலிருந்து படிக்கிற பழக்கம் மட்டும் உன்னை விட்டிருக்காது என்று நம்பி, கடைசிப் பக்கத்தில் இடம் கேட்டு ஆசிரியருக்கு எழுதினேன். இது சொந்த விஷயம் ஆயிற்றே, பொதுமக்களுக்கு இதில் என்ன பயன் என்று அவர் பதில் போட்டார். சாவியை உள்ளே விட்டுவிட்டு வீட்டையும் மோட்டாரையும் பூட்டிக்கொண்டு வெளியே நிற்கிறவர்கள் என்ன செய்ய வேண்டும் என்று உபயோகமான யோசனைகளும் சேர்த்து எழுதுகிறேன் என்று வாக்குக் கொடுத்துத்தான் இந்த இடத்தை வாங்கியிருக்கிறேன். ஆகவே நடுநடுவே பொதுமக்கள் பக்கம் திரும்பிப் பேசுவேன். நீ பொறுத்துக்கொள். உன் அப்பன் கூட்டத்தைப் பார்த்துப் பேசுகிறவன் என்பது உனக்குப் புதிதல்ல. அதனால்தானே நீ போனாய்.

பூட்டுக் கதைக்கு வருகிறேன். நம் லயங்களில் கதவைப் பூட்டும் வழக்கம் கிடையாது என்பது உனக்குத் தெரியும். வெளியார் படிப்பதற்காகச் சொல்கிறேன்: லயம் என்றால் தோட்டத்து ஆட்கள் குடியிருக்கும் வரிசை வீடு, கிராணி என்றால் தோட்டத்து ஆபீசில் கணக்கெழுதுகிறவன். ரப்பர் மரத்தில் பால் வெட்டப் போகிறவர்கள் கதவுக் கொண்டியில் ஒரு விறகுக் குச்சியைச் செருகிவிட்டுப் போவார்கள். நாய் நுழையாமலிருக்க அது போதும். கொண்டியில் பூட்டுத் தொங்கினால் எங்கள் பக்கத்தில் அதற்கு ஒரே அர்த்தம்: அந்தக் குடும்பம் சட்டிபானையோடு இந்தியாவுக்கு, சொந்த ஊருக்குக் கப்பல் ஏறிவிட்டது, சாவியை ஆபீசில் ஒப்படைத்துவிட்டார்கள், இனி இங்கே வந்து யாரையும் தேட வேண்டாம். ரப்பர் விலை விழுந்ததிலிருந்து தோட்டத்தில் ஆட்கள் குறைந்து பூட்டுகள் கூடிவிட்டன. காலையில் லயத்து வழியாக நடந்தால் இப்போது கதவுகளை எண்ணுவதில்லை, பூட்டு இல்லாத கதவுகளைத்தான் எண்ணுகிறோம். ஆள் போன வீடுகளில் இரவோடு இரவாகத் தகரத்தைக் கழற்றிக்கொண்டு போகிற கூட்டம் ஒன்றும் முளைத்திருக்கிறது. எனக்குப் பயம் பிடித்துக்கொண்டது. ஜோகூர்பாரு போனபோது சீனன் கடையில் தேங்காய் மூடி அளவுக்குப் பித்தளைப் பூட்டு ஒன்று வாங்கி வந்தேன்.

"நம்ம வீட்டுல திருடறதுக்கு என்னாங்க இருக்கு?" என்றாள் உன் அம்மா.

"அதுக்குத்தான் பூட்டு. திருடன் உள்ள வந்து பாத்துட்டு வெளிய போய்ச் சொன்னான்னா நம்ம மானம் என்னாவறது?" என்றேன்.

அந்தப் பூட்டின் விசேஷம், பூட்டுவதற்குச் சாவி வேண்டாம். அழுத்தினால் டக்கென்று தானே கவ்விக்கொள்ளும். நாலைந்து முறை அழுத்திக் காட்டி லயத்துப் பிள்ளைகளை அசத்தினேன். மாட்டிய அன்றைக்கே பக்கத்து வீட்டு அஞ்சலை ஓடி வந்தாள். நீ போன பிறகு குடிவந்தவள், உன்னைப் பார்த்ததில்லை. "அலமாக்! கிராணி ஐயா, அக்காவ இழுத்துக்கிட்டுக் கமுக்கமா கப்பல் ஏறப் பாத்தீங்களா?" என்று நெஞ்சில் கை வைத்துக்கொண்டாள். அவளுக்குப் பின்னால் இன்னும் நாலு பேர் அதே கேள்வியோடு வந்தார்கள். எனக்கு ஏகக் கொண்டாட்டம். ஒரு பூட்டை மாட்டி ஒரு தோட்டத்தையே அழவைத்தேன் என்று ஒரு வாரம் இதைச் சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தேன். அந்தப் பூட்டைப் பார்த்து நிஜமாகவே ஏமாந்துபோகக்கூடிய ஒருவன் இருக்கிறான் என்று என் மண்டைக்கு எட்டவில்லை.

இனி மோட்டார். இதை நான் எழுதக் கூடாது என்று உன் அம்மா சொன்னாள். எழுதித்தான் ஆக வேண்டும். பெரிய துரைக்கு நீ மோட்டார் ஓட்டிய காலத்தில் அவர் புதிதாக ஒரு மூடுவண்டி வாங்கினார். அதுவரை நீ ஓட்டியதெல்லாம் துணிக்கூரை வண்டி, கதவென்று பேருக்கு ஒன்று. ஜோகூர்பாருவில் கடற்கரைச் சாலையோரம் வண்டியை நிறுத்திவிட்டு நீ நின்றிருந்தாய். துரைசாணி சாமான் வாங்கக் கடைக்குள் போயிருந்தார். வானம் கறுத்தது. புது ஆசனம் நனையக் கூடாதென்று நீ கண்ணாடிகளை எல்லாம் ஏற்றினாய், உள்பிடிகளை எல்லாம் பூட்டும் பக்கமாகத் திருப்பினாய், இறங்கிக் கதவைச் சாத்தினாய். சாவி ஆசனத்தின்மேல். துரைசாணி கைநிறையப் பொட்டலங்களோடு வரவும் மழை கொட்டவும் சரியாக இருந்தது. நீ உன் சட்டையைக் கழற்றி அவர் தலைக்குமேல் பிடித்தாய். பிறகு பின்பக்கத்துச் சின்னக் கண்ணாடியை உடைத்துக் கையை விட்டுக் கதவைத் திறந்தாய். இவ்வளவுதான் நடந்தது. பொதுமக்கள் கவனிக்க: மூடுவண்டி வைத்திருப்பவர்கள் சாவியைக் கயிற்றில் கோத்து இடுப்பில் கட்டிக்கொள்வது உத்தமம், உடைத்தே தீர வேண்டுமென்றால் இருப்பதிலேயே சின்னக் கண்ணாடியாகப் பார்த்து, கையில் துணி சுற்றிக்கொண்டு உடைக்க வேண்டும். என் மகன் அப்படித்தான் செய்தான். பத்தொன்பது வயதுப் பையனுக்கு அந்த மழையில், அந்தத் துரைசாணி முறைத்துக்கொண்டு நிற்கும்போது, அவ்வளவு நிதானம் இருந்தது.

துரை அதைக் கேட்டுச் சிரித்துவிட்டு மறுநாளே மறந்துவிட்டார். நான் மறக்கவும் இல்லை, யாரையும் மறக்க விடவும் இல்லை. எனக்குக் கிடைத்த கதைகளிலேயே அதுதான் ருசியான கதை. முதலில் நடந்ததை நடந்தபடி சொன்னேன். சிரிப்பு போதவில்லை. ஆகவே நீ கண்ணாடியைத் தட்டி, "உள்ள யாராச்சும் இருக்கீங்களா? கொஞ்சம் கதவத் தொறங்க" என்று காலி வண்டியிடம் கேட்டதாக ஒரு சரக்கைச் சேர்த்தேன். அது நடக்கவே இல்லை. என் கைச்சரக்கு. ஆனால் அந்த இடம் வரும்போதெல்லாம் ஆட்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தார்கள். கல்யாண வீட்டில் சொன்னேன், திருவிழாவில் சொன்னேன், கருமாதி வீட்டில்கூடப் பந்தலுக்கு வெளியே நின்று தாழ்ந்த குரலில் சொன்னேன். கதை எனக்கு முன்னாலேயே கெலாங் பாத்தா வரைக்கும் போய்விட்டது. லயத்துப் பொடியன்கள் உன் முதுகைத் தட்டி "உள்ள யாராச்சும் இருக்கீங்களா?" என்று கேட்டுவிட்டு ஓடினார்கள். நீ ஒரு நாள் என்னிடம் வந்து, "அப்பா, அத விட்ருங்களேன்" என்றாய். உரக்கக்கூடச் சொல்லவில்லை. "சிரிக்கிறதுக்கு என்னடா வரி கட்டணுமா?" என்று அதையும் ஒரு தமாஷாக்கினேன்.

பிறகு பெக்கான் நானாஸ். அந்த ஊரில் உனக்குப் பெண் பார்க்கப் போன வீடு. காப்பி கொடுத்துவிட்டுப் பெண் உள்ளே போனாள். நீ தலை நிமிராமல் உட்கார்ந்திருந்தாய். பெண்ணின் மாமன் எட்டி உன் முதுகில் தட்டி, "என்ன மாப்ள, உள்ள யாராச்சும் இருக்கீங்களா?" என்றான். அறைக்குள்ளிருந்து பெண்கள் சிரித்த சத்தம் கேட்டது. அந்த வீட்டில் எல்லாரையும்விட உரக்கச் சிரித்தவன் நான். கதை இவ்வளவு தூரம் வந்திருக்கிறதே என்ற பெருமை, மகனே, வேறொன்றுமில்லை. நீ காப்பித் தம்ளரைக் கீழே வைத்தாய். அடுத்த வாரம் பாலம் தாண்டிச் சிங்கப்பூருக்குப் போய்விட்டாய். மூன்று தீபாவளி ஆகிறது. அப்பன் அடித்தான் என்று போன பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். குடித்தான் என்று போனவர்களையும் பார்த்திருக்கிறேன். அப்பன் சிரித்தான் என்று போன பிள்ளைக்கு ஊரில் என்ன காரணம் சொல்வது என்று தெரியாமல், உனக்குச் சிங்கப்பூரில் பெரிய வேலை கிடைத்துவிட்டதாகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். என் கதைகளில் இது ஒன்றைத்தான் யாரும் நம்புவதில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் நானும் உன் அம்மாவும் கடைக்குப் போகக் கிளம்பினோம். அவள் படியிறங்கினாள், நான் கதவைச் சாத்தி ஒய்யாரமாகப் பூட்டை அழுத்தினேன். டக். "சாவி எடுத்துக்கிட்டீங்களா?" என்றாள். சாவி உள்ளே, காலண்டர் மாட்டிய ஆணியில். ஜன்னல் இடுக்கு வழியாகப் பார்த்தால் தெரிகிறது, கை எட்டவில்லை. உன் அம்மா என்னை மேலும் கீழும் பார்த்தாள். "புள்ள செஞ்சதத்தானே இப்ப நீங்களும் செஞ்சிருக்கீங்க? எந்த ஊர்ல போய்ச் சொல்லிச் சிரிக்கப் போறீங்க?" என்றாள். பதில் சொல்வதற்குள் மழை பிடித்துக்கொண்டது. நம் பக்கத்து மத்தியான மழை எப்படி என்று உனக்குத் தெரியும். தகரத்தில் விழுந்தால் பக்கத்தில் நிற்பவர் இருமினால்கூடக் கேட்காது. அடுப்படி ஜன்னலுக்குக் கம்பி இல்லை, வெறும் பலகைதான் என்பது நினைவுக்கு வந்தது. வீட்டைச் சுற்றிப் பின்பக்கம் ஓடினோம்.

பொதுமக்களுக்கு இரண்டாவது யோசனை: ஜன்னல் வழியாக வீட்டுக்குள் போக நினைப்பவர்கள் முதலில் வயிற்றை அளந்து பார்க்க வேண்டும். தலை போனது, தோள் போனது, அதற்குமேல் ரப்பர் ஆலையில் உருளைகளுக்கிடையே ரப்பர் ஷீட்டு சிக்கினமாதிரி சிக்கிக்கொண்டேன். முன்பாதி அடுப்படியில், பின்பாதி மழையில். உன் அம்மா காலைப் பிடித்துத் தள்ளினாள், இழுத்தாள், ஒன்றும் ஆகவில்லை. கடைசியில் என் முதுகில் தட்டி, "உள்ள யாராச்சும் இருக்கீங்களா?" என்றாள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவளுக்கும். அந்த மழையில் இரண்டு கிழங்களும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்க முடியாமல் வாய்விட்டுச் சிரித்தோம். நீ போன பிறகு அந்த வீட்டில் அப்படி ஒரு சிரிப்புச் சிரித்ததில்லை. மகனே, கணக்குப் போட்டுப் பார்த்தால் அந்த நேரத்தில்தான் நீ முன்வாசலில் நின்றிருக்கிறாய்.

"இருங்க, முன்பக்கம் போயி அந்தக் கொண்டியையே பேக்கிறேன்" என்று சொல்லிவிட்டு விறகு பிளக்கும் கோடாலியோடு அவள் போனாள். அவ்வளவு பெரிய பூட்டு மாட்டியிருந்த கொண்டியைப் பிடித்துக்கொண்டிருந்தது துருப்பிடித்த இரண்டு ஆணிகள் என்று அப்போதுதான் தெரிந்தது. கதவு திறந்த சத்தம் எனக்குக் கேட்டது. மழையும் ஓயத் தொடங்கியிருந்தது. அவள் வீட்டுக்குள் நடந்து வந்து அடுப்படியில் எனக்கு நேரே நின்றாள். கையில் துணி சுற்றிய ஒரு பிஸ்கட் டின். "பரவால்லயே, ஜன்னல் வழியா வர்ற விருந்தாளிக்கும் பிஸ்கட் உண்டா?" என்றேன். அவள் சிரிக்கவில்லை. துணியைப் பிரித்து என் முகத்துக்கு நேரே பிடித்தாள். நீ போகும்போது உனக்குத் தலை துவட்ட அவள் கொடுத்தனுப்பிய சிவப்புக்கரைத் துண்டு. ஓரத்தில் அவள் போட்ட தையல். "படியில இருந்துச்சுங்க" என்றாள். டின்னை அடுப்புத் திட்டில் வைத்துவிட்டு அப்படியே வெளியே ஓடினாள். லயத்தைத் தாண்டி, சாலை வரைக்கும், தலையில் முந்தானைகூடப் போடாமல் ஓடியிருக்கிறாள். என்னை யாரும் இழுத்துவிடவில்லை. நான் அந்த டின்னைப் பார்த்துக்கொண்டே ஜன்னலில் தொங்கிக்கொண்டிருந்தேன். அஞ்சலையும் அவள் புருஷனும் வந்துதான் என்னை வெளியே எடுத்தார்கள். "மழைல ஒரு ஆளு கொட புடிச்சிக்கிட்டு ஒங்க வாசல்ல கொஞ்ச நேரம் நின்னாரு ஐயா. யாரோ ஊர்க்காரரு, வீடு பூட்டியிருக்குன்னு போறாருன்னு நெனச்சேன்" என்றாள் அஞ்சலை. அவள்மேல் தப்பில்லை.

நீ என்ன நினைத்துக்கொண்டு போனாய் என்பது இரண்டு நாள் கழித்துத் தெரிந்தது. பெக்கான் நானாஸிலிருந்து அன்னாசி லாரி ஓட்டும் சின்னையா என்னைச் சாலையில் பார்த்து வண்டியை நிறுத்தினான். "கிராணி ஐயா, நீங்க இன்னும் இங்கதான் இருக்கீங்களா?" என்றான். பேயைப் பார்த்தமாதிரி பார்த்தான்.

"வேற எங்கடா இருப்பேன்?"

"நாயித்துக்கெழம ஒங்க மகன ஏத்திக்கிட்டுப் போனேனே. வீட்டுல பூட்டு தொங்குது, அப்பாவும் அம்மாவும் கப்பல் ஏறிட்டாங்கன்னு சொன்னாப்ல. ஜோகூர்பாரு வரைக்கும் அவ்ளோதான் பேச்சு. எறங்கறப்ப மட்டும், 'ஒரு வார்த்த சொல்லிட்டுப் போயிருக்கலாம்ண்ணே'ன்னாப்ல. நான் என்னா சொல்றது, சொல்லுங்க."

அவன் போன பிறகு சாலையோரத்தில் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். பொதுமக்களுக்கு நான் சொல்ல நினைத்த மூன்றாவது யோசனை அங்கேதான் தோன்றியது. பூட்டிய வீட்டைப் பார்த்தால் உடனே ஒரு முடிவுக்கு வந்துவிடக் கூடாது. வீட்டைச் சுற்றி ஒரு முறை நடந்து பார்க்க வேண்டும். நீ அன்று சுற்றி வந்திருந்தால் உன் அப்பனின் பின்பாதியைப் பார்த்திருப்பாய். உன் ஆயுசுக்கும் சொல்லிச் சிரிக்கக் கதை கிடைத்திருக்கும். அதை நீ எந்த ஊரில் சொல்லியிருந்தாலும், எத்தனை சரக்குச் சேர்த்திருந்தாலும் நான் வாயைத் திறந்திருக்க மாட்டேன். ஆனால் அப்பன் முகத்தில் விழிக்கலாமா வேண்டாமா என்று அரை மனதோடு வருகிறவன் வீட்டைச் சுற்றி வரமாட்டான். கூப்பிடவும் மாட்டான். பூட்டு அவனுக்கு ஒரு சாக்கு. அந்த அரை மனதுக்குக் காரணம் நான். இதை ஊர் பார்க்க எழுதுவதற்கும் காரணம் உண்டு. மோட்டார் கதையை எத்தனை பேரிடம் சொன்னேனோ அத்தனை பேரும் இந்தப் பத்திரிகையைப் படிக்க வேண்டும். என் மகன் காலி வண்டியைத் தட்டி யாரையும் கூப்பிடவில்லை. அது நான் கட்டிய பொய். இனி யாராவது அதைச் சொன்னால், முட்டாள் அந்தக் கதையைக் கட்டிய அப்பன்தான், பிள்ளை அல்ல என்று திருப்பிச் சொல்லுங்கள்.

இப்போது அவசரமான விஷயம். ஆபீசில் நிஜமாகவே எங்களைக் கேட்கிறார்கள். ஆள் குறைந்த தோட்டத்துக்கு இரண்டு கிராணி எதற்கு என்று துரைக்குத் தோன்றியிருக்கிறது. ஊருக்குப் போவதானால் கப்பல் செலவு தோட்டத்தைச் சேர்ந்தது, மாதக் கடைசிக்குள் பெயர் கொடுக்க வேண்டும் என்று சொல்லியிருக்கிறார். அங்கே எனக்கு யார் இருக்கிறார்கள்? இங்கே இருந்தால் என்ன வேலை பார்ப்பேன்? எப்போதும் ஏதாவது ஒரு பதிலை வைத்திருக்கும் உன் அப்பன் பெரிய கிராணியிடம் நாளைக்குச் சொல்கிறேன் என்று தவணை சொல்லிவிட்டு வந்தான். என்னை நம்பி இருந்தால் காரியம் ஆகாது என்று உன் அம்மா நேற்று தானே ஆபீசுக்குப் போய்விட்டாள். இத்தனை வருஷத்தில் அந்தப் படியை அவள் மிதித்ததில்லை. நான் உள்ளறையில் இருந்தேன். அவள் வந்தது தெரிந்தும் எழுந்து போகத் தைரியமில்லாமல் கேட்டுக்கொண்டிருந்தேன்.

"எம் புள்ளையக் கேக்காம நாங்க எப்படிங்க கப்பல் ஏறுவோம்? அவன் வந்து சொல்லட்டும், அப்பறம் பேரு எழுதிக்கங்க" என்றாள்.

பெரிய கிராணி நல்ல மனிதர். பேனாவை வைத்துவிட்டு, "மகன் எங்கம்மா இருக்காரு?" என்று கேட்டார்.

"சிங்கப்பூர்லங்க."

"சிங்கப்பூர்ல எந்தப் பக்கம்? சொல்லுங்க, நான் வேணா ஆள் சொல்லி அனுப்பறேன்."

உன் அம்மா, "பெரிய ஊருங்க அது. சொன்னா ஒங்களுக்குத் தெரியாது" என்று சொல்லிவிட்டு வேகமாகப் படியிறங்கிப் போய்விட்டாள்.

எனக்காக நீ வர வேண்டாம், அய்யா. அடுத்த முறை பெரிய கிராணி கேட்கும்போது அவள் சொல்வதற்கு ஒரு தெருப் பெயராவது கொடு.